‘வயசானா அப்படித்தான்’ – எதுவரைக்கும்?

கேள்வி – ஜூன் 3

அம்மாவுக்கு 76. தனியாக இருக்கிறார். நான் வெளியூர். தினமும் போனில் பேசுவேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். ஏழு மாதம் கழித்து போன வாரம் நேரில் போனேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று கேட்டால் “அது கெடக்கு” என்கிறார். ஒரே விஷயத்தை ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை சொன்னார். அண்ணனிடம் சொன்னேன். “வயசானா அப்படித்தான், நீ ஏன் பெருசு பண்றே” என்று முடித்துவிட்டார். எது வயசு, எது வயசில்லை? எந்தக் கட்டத்தில் நாம் உள்ளே புக வேண்டும்?

பதில் – ஜூன் 3, இரவு

சொன்னதையே சொல்வதை இப்போதைக்கு விடுங்கள். என் அப்பா நாற்பது வயதிலிருந்தே சொன்ன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கதை இது. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் எங்கள் கவலை முழுக்க அம்மா மேல். அப்பா 79 வயதில் நாட்டு நடப்பு எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார், போனில் பேசினால் நம்மையே மடக்குவார். அம்மா முட்டி அறுவைக்குப் போய்ப் பத்து நாள் வீட்டில் இல்லை. நான் அப்பாவுக்குத் துணை என்ற பேரில் போய்த் தங்கினேன். மூன்றாம் நாள் காலை மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டி, “இதுல எதுடா?” என்றார். பதினோரு வருடமாகச் சாப்பிடும் மாத்திரை. வந்த நாளிலிருந்து அதே சட்டை. எந்த பில் எப்போது கட்ட வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும், ஹீட்டரை எப்போது அணைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். எழுந்து போய்ச் செய்தது அப்பா. அவர் இவருக்கு ஞாபகம், இவர் அவருக்குக் கால். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு முழு ஆள் என்று கணக்கு வைத்திருந்தோம்.

உங்கள் அம்மாவுக்கு அப்படி மறைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் தனியாக இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள். அந்தச் சமாளிப்பைத்தான் தேட வேண்டும்.

ஜூன் 4, காலை

“சமாளிப்பு என்றால்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

படுக்கையறையிலிருந்து குளியலறை வரை சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு மங்கலான அழுக்குக் கோடு. கை தடவித் தடவி வந்த கோடு. அம்மா துடைத்துப் பார்த்துப் போகாததால் விட்டுவிட்டாராம். கூடத்தில் நாற்காலிகள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன என்று நான் ஓரமாகத் தள்ளி வைத்தேன். மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. ஒன்றிலிருந்து ஒன்று சரியாகக் கைக்கெட்டும் தூரம். மாடி அறையைப் பூட்டி வைத்திருந்தார்: “யாரு புழங்கறா?” எந்தக் காகிதத்தை நீட்டினாலும் “கண்ணாடி உள்ள இருக்கு, நீயே படி.” பிரிக்காத கடிதங்கள் மேசை மேல் இல்லை, அழகாக ரப்பர் போட்டு டிராயருக்குள். மேலாகப் பார்த்தால் வீடு சுத்தம்.

பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. இதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு “ஸ்லிம் ஆயிட்டீங்க” என்று சிரிக்கவும் செய்தேன். அப்புறம் எடை பார்த்தால் 57 கிலோ. பத்து மாதம் முன்பு 62. முயற்சி செய்யாமலே ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் மருத்துவர் காரணம் தேடுவார். இவருக்குப் போனது எட்டு. பல் செட் ஆடியது ஒரு காரணம், பசி குறைந்தது இன்னொன்று, ரசிக்கும்படி எதுவும் ருசிக்கவில்லை என்பது மூன்றாவது. வயதாக ஆக மூக்கு மங்கும், அதோடு ருசியும் போகும். கெட்டுப்போன பால் தெரியாமல் போவதும் இதனால்தான். கேஸ் கசிந்தாலும் தெரியாது.

இன்னொன்று, செருப்பு. ஓர் அளவு பெரியதாக வாங்கி, தேய்த்துத் தேய்த்து நடந்தார். “காத்தோட்டமா இருக்கும்” என்றார். அதையும் நம்பினோம்.

ஜூன் 4, பத்து நிமிடம் கழித்து

ஃப்ரிட்ஜைத் திறந்து காலாவதி தேதி பாருங்கள் என்று எழுத வந்தேன். அதற்கு முன் என் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். காலாவதி ஆனவை மூன்று, ஒன்று போன வருடத்தது. எனக்கு 51. எனவே ஒரு பொருள் கெட்டிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. அதே பொருள் நான்கு முறை வாங்கி நான்கும் வரிசையாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஜூன் 6

மாத்திரையை எண்ணிப் பாருங்கள் என்று நான் சொன்னதாக ஒருவர் தன் தாயின் மாத்திரைகளை எண்ணி, பதினெட்டு மிச்சம், எனவே மறதி நோய் என்று எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருப்பேன். அப்பா விஷயத்தில் நானும் அதே முடிவுக்குத்தான் முதலில் வந்தேன்.

அப்பாவிடம் மிஞ்சியது ஒரே வகை மாத்திரை. மற்றவை ஓரளவு சரி. மறந்தால் எல்லாம் அல்லவா மிஞ்ச வேண்டும்? மிஞ்சியது நீர் மாத்திரை. வெளியே கிளம்பும் நாளில் அதைச் சாப்பிட்டால் வழியில் அவசரம் வரும் என்று விட்டிருக்கிறார். அது மறதியே இல்லை, நல்ல திட்டம். மருத்துவரிடம் சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். சிலருக்கு அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்க விரலில் பலம் இருக்காது. சிலருக்கு வெள்ளை வட்டம் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சிலர் தீர்ந்துவிடுமே என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவார்கள். மிச்சத்தை எண்ணினால் போதாது, ஏன் என்று கேட்க வேண்டும். குற்றம் கண்டுபிடித்த குரலில் கேட்டால் பதில் வராது.

“இதுல எதுடா?” மட்டும் மறதிதான். அதை மாற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 9

எந்த வேலை முதலில் போகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1963-இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் ஆறு வேலைகளை வைத்து ஓர் அளவுகோல் செய்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது. உடல் தேறும்போது இவை திரும்பி வரும் வரிசை குழந்தை இவற்றைக் கற்கும் வரிசையை ஒத்திருக்கிறது என்று கவனித்தார்கள். 1969-இல் லாட்டன், பிராடி என்ற இருவர் இதற்கு ஒரு படி மேலே எட்டு வேலைகளைச் சேர்த்தார்கள்: போன், கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மாத்திரை, பணம். பொதுவாக இந்த எட்டில்தான் முதலில் விரிசல் விடும். அதிலும் பணமும் மாத்திரையும் முன்னே நிற்கும். குளியல் வரை வந்துவிட்டது என்றால் நாம் தாமதமாகக் கவனித்திருக்கிறோம்.

ஒரு வேடிக்கை. அந்த எட்டில் ஆண்களுக்கு ஐந்தைத்தான் முதலில் கணக்கில் எடுத்தார்கள். சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “நல்ல டாக்டருங்க, உங்கப்பாவை முன்னாடியே பாத்திருக்காங்க” என்றார்.

ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. வாழ்நாளில் செய்யாத வேலையை இப்போது செய்யவில்லை என்றால் அது அறிகுறி ஆகாது. செய்துகொண்டிருந்ததை நிறுத்தியதுதான் கணக்கு. அப்பா முப்பது வருடமாக மாதக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு நவம்பரோடு நின்றிருந்தது. நவம்பர்ப் பக்கத்தில் ஒரே செலவு மூன்று முறை, ஒவ்வொன்றும் அடித்துத் திரும்ப எழுதியது. பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. தான் தப்பு செய்வது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 9, மறுபடி

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று தோன்றியது. தன் தப்பைத் தானே பிடித்து எரிச்சல்படுகிறவர் ஒரு கட்டம். தப்பே நடக்கவில்லை என்று நிஜமாகவே நம்புகிறவர் வேறு கட்டம். இரண்டாமவர் நடிக்கவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. தன் குறை தனக்குத் தெரியாமல் போவதே அந்த நோயின் ஒரு பகுதி. அவரிடம் ஆதாரம் காட்டி வாதாடுவது வீண். நான் வாதாடியிருக்கிறேன்.

ஜூன் 21

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். இதுவரை நான் சொன்னதெல்லாம் மாதக் கணக்கில் மெதுவாக வரும் மாற்றம். ஒரு நாளில், இரண்டு நாளில் ஆள் மாறிவிட்டால் கதையே வேறு.

பெரியம்மாவுக்கு 84. செவ்வாய்க்கிழமை வரை சரியாக இருந்தார். புதன் இரவு அறையில் குழந்தைகள் ஓடுகின்றன என்றார், என்னை அவர் தம்பி என்றார், விடிய விடியத் தூங்கவில்லை. வியாழன் பகலில் அசந்து கிடந்தார். உறவில் ஒருவர் “மூளை போயிடுச்சு, இனி இப்படித்தான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். சிறுநீரில் தொற்று. காய்ச்சல் இல்லை, எரிச்சல் என்றும் சொல்லவில்லை. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய பெரியம்மா. தீர்ப்பு சொன்ன உறவினரைத்தான் முதலில் விசாரித்தார்.

இதற்கு டெலீரியம் என்று பெயர். தொற்று, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றில் எதுவும் காரணமாகலாம். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, தொற்று வந்தாலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். கத்திக் கலாட்டா செய்கிறவர்களை உடனே கவனித்துவிடுவோம். சத்தமில்லாமல் சுருண்டு படுக்கிறவர்களைத்தான் “பாவம், களைப்பு” என்று விட்டுவிடுவோம். அதே நாள் மருத்துவரிடம் போங்கள். கடையில் சும்மா கிடைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை போட்டாரா என்றும் பாருங்கள். அந்த வயதில் அவையே குழப்பத்தைக் கொண்டுவரும். வாய் கோணல், ஒரு பக்கக் கை தொய்வு, பேச்சுக் குழறல் என்றால் நாள் கணக்குக் கூடக் கிடையாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

ஜூன் 22

காது!

அப்பா கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். நாலு பேர் கூடிய இடத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “மருந்துக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா” என்று அவரை எத்தனை முறை கேட்டிருப்பேன். அவர் மறக்கவில்லை. காதில் விழவே இல்லை. விழாததை எப்படி ஞாபகம் வைப்பது?

வயதுக் காது முதலில் இழப்பது உச்சமான ஒலிகளை. ச, த, ப போன்ற மெய்கள் கரையும், உயிரெழுத்தின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதனால்தான் “கேக்குது, புரியல” என்கிறார்கள். பேரக்குழந்தையின் கீச்சுக் குரல் முதலில் போகும். கத்தினால் இரைச்சல் கூடும், சொல் தெளியாது. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும். அப்பாவுக்கு முதலில் எடுத்தது இரண்டு காதிலும் குறும்பி. அதை எடுத்ததுமே டிவி சத்தம் பாதியானது. அப்புறம்தான் காது மெஷின், அது தனிக் காவியம், இங்கே வேண்டாம். சரிசெய்தால் டிமென்ஷியாவை, அதாவது மறதி நோயை, தள்ளிப்போடக்கூடிய காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் பன்னிரண்டைச் சொன்னது, 2024-இல் பதினான்காக்கியது. காது கேளாமை இரண்டிலும் இருக்கிறது, கண் பார்வைக் குறைவு 2024-இல் சேர்ந்தது. ஆக, மறதி என்று சந்தேகம் வந்தால் மூளைக்கு முன் காதையும் கண்ணையும் பாருங்கள்.

ஜூன் 28

கடிகாரம் வரையச் சொல்லிப் பார்க்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மையான சோதனைதான்: வட்டம் போட்டு, எண்கள் எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்ட வேண்டும். முள்ளைப் பத்தாம் எண்ணில் வைத்துவிடும் ஆசையை அடக்கி இரண்டில் வைக்கிறாரா என்பதில் நிறைய தெரியும்.

நான் வீட்டில் செய்து பார்த்தேன். அப்பா ஒரு செவ்வகம் வரைந்து அதற்குள் 11:10 என்று எழுதிக் கொடுத்தார். “இப்ப யாருடா முள்ளு பாக்கறா?” அத்தோடு முடிந்திருந்தால் சரி. மருத்துவரிடம் போவதற்கு முந்தைய இரவு, நோட்டில் கடிகாரமாகப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார், தேர்வுக்குப் படிக்கிற பையன் மாதிரி. மறுநாள் அருமையாக வரைந்தார். மருத்துவர் பாராட்டினார். நான் வாயைத் திறக்கலாமா என்று யோசித்து, தனியாகப் போய்ச் சொன்னேன். வீட்டில் சோதனை வைக்காதீர்கள். கேள்வித்தாள் கசிந்துவிடுகிறது.

முடிவு என்ன என்று கேட்பவர்களுக்கு: ஞாபகத்தில் லேசான குறைவு, டிமென்ஷியா என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவு, அதற்கு ஊசி. தைராய்டு சரி. இந்த லேசான கட்டத்தில் சிலர் அப்படியே நிற்பார்களாம், சிலர் தேறுவார்கள், சிலர் இறங்குவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்.

ஜூலை 5

நடை. சுவர்க் கோட்டைப் பற்றி முன்பே எழுதினேன். அதைப் பார்த்த அன்றே நான் விழித்திருக்க வேண்டும். அப்பாவின் முழங்கையில் ஊதா நிறத்தில் ஒரு காயம் இருந்தது. “கதவுல இடிச்சுக்கிட்டேன்.” கதவு அப்படி முழங்கையின் பின்பக்கம் வந்து இடிக்காது. விழுந்திருக்கிறார். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்று பேருக்கு ஒருவர் வருடத்தில் ஒரு முறையாவது விழுகிறார்கள், பாதிப்பேர் கூட மருத்துவரிடம் சொல்வதில்லை. சொன்னால் வெளியே விடமாட்டோம் என்று தெரியும்.

ஒன்று கவனியுங்கள். கூட நடந்து போகும்போது சாதாரணமாக ஏதாவது கேளுங்கள். நடந்துகொண்டே பதில் சொல்கிறாரா, நின்று சொல்கிறாரா? 1997-இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள்: பேச நின்றுவிடுகிறவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம். நடை தானாக நடக்கவில்லை, முழுக் கவனத்தையும் தின்கிறது என்று அர்த்தம். அப்பா நிற்பார். இத்தனை நாள் அதை மரியாதை என்று நினைத்தேன், நம் முகம் பார்த்துப் பேசுகிறாரே என்று.

இன்னொரு சோதனை மருத்துவர் செய்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் என்றால் விழும் அபாயம். அப்பாவுக்கு 17. படுத்திருந்து எழுந்ததும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினால் தலை சுற்றலாம். அது சரியாக இருந்தது.

ஜூலை 6

ஒருவர் தன் மாமியாருக்கு 14 நொடி என்று பதறி எழுதியிருக்கிறார். புடவை தடுக்கியிருக்கலாம், புது இடமாக இருக்கலாம். வாரண்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவே. (நேற்றே சொல்ல விட்டது: விழுந்து தலையில் அடிபட்டவர், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், சில வாரம் கழித்துத் தலைவலி, தூக்கம், குழப்பம் என்றால் அந்த அடியைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேரும். “அது போன மாசம்ல” என்று விட்டுவிடுகிறோம்.)

ஜூலை 19

எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேட்கிறார்கள். எப்படி எடுக்கக் கூடாது என்று தெரியும்.

அந்தக் கிழிந்த நோட்டைப் பார்த்த வாரம் நான் வேகமாகிவிட்டேன். வங்கிக் கணக்கை என் போனுக்கு மாற்றினேன், பில்களை எல்லாம் தானாகக் கட்டும்படி செய்தேன், மாத்திரைக்குப் பெட்டி, குளியலறைக்குக் கைப்பிடி, எல்லாம் ஒரே சனி ஞாயிறில். தங்கை போனில் “சூப்பர்ணா” என்றாள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்று வாரம் யாரிடமும் பேசவும் இல்லை. பேப்பரைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் முற்றிவிட்டது என்று நான் தங்கையிடம் சொன்னேன். அம்மாதான் கேட்டார்: “காலையில எழுந்தா அவருக்கு என்ன வேலை வெச்சிருக்கே?”

பேச்சு குறைவதும், விருப்பம் போவதும், “எனக்கெதுக்கு” என்பதும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அந்தத் தலைமுறை மனசு சரியில்லை என்று சொல்லாது, உடம்பு வலி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்லும். அதுவே மறதி போலவும் தெரியும். அப்பாவுக்கு அதைக் கொடுத்தது நான்.

பில்களில் இரண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். தப்பினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாத இரண்டு. அப்புறம் ஒரு நாள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, “அப்பா, ஒரு நாள்ல உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். பணம், மாத்திரை, குளியலறை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“கால் நகம்” என்றார்.

செருப்பைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகி, பக்கத்து விரல் மேல் ஏறி வளைந்திருந்தது. சுண்டுவிரல் நகம் சதையைக் குத்தி, சுற்றிலும் சிவப்பு. அவரால் குனிந்து எட்ட முடியவில்லை, எட்டினாலும் கண் தெரியவில்லை. அதுவரை வெட்டிவிட்டது அம்மா. முட்டி வலி வந்ததிலிருந்து தரையில் உட்கார முடியாததால் இரண்டு வருடமாக நின்றுபோயிற்று. நகம் குத்தியதால் பெரிய செருப்பு. பெரிய செருப்பால் தேய்த்து நடை. தேய்த்து நடந்ததால் சுவர். அந்தச் சுவர் கோட்டுக்கு நான் மூளை, நரம்பு என்று எங்கெங்கோ போயிருந்தேன். மூளையும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 17 நொடியில் நகத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. மருத்துவரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்துக்கொண்டார். கட்டைவிரலில் என் நகவெட்டி நுழையவே இல்லை. அதைப் பாத மருத்துவரிடம் கொண்டுபோய் வெட்டினோம், மற்றவை நான். சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டில் நீங்களாக வெட்டாதீர்கள், சின்னக் கீறலே புண்ணாகும்.

ஆகஸ்ட் 2

“பெரியவர்களை எல்லாம் நோயாளி ஆக்குகிறீர்கள், இது கண்காணிப்பு” என்று கோபமாக ஒரு நீண்ட பதில் வந்திருக்கிறது. முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். விழலாம் என்பதற்காக ஒருவரை நாற்காலியில் கட்டிப்போடுவது பாதுகாப்பு கிடையாது. அப்படி உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைத்து இன்னும் சீக்கிரம் விழுவார். என்ன அபாயத்தோடு வாழ்வது என்பது புரிந்து முடிவெடுக்கிறவரை அவர் உரிமை.

ஒப்புக்கொள்ளாத கால்வாசி: அபாயம் அவரோடு நிற்காத இடங்கள். அடுப்பு, வண்டி, போனில் யாரோ கேட்டதும் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுவது. அப்பாவிடம் வண்டிச் சாவியை வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. வாங்கிய விதத்துக்கு வருந்துகிறேன்.

ஆகஸ்ட் 3

இதை எல்லாம் யார் செய்வது என்று யாருமே கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா. அறுவை முடிந்த ஆறாவது வாரத்திலேயே. உதவி தேவைப்படுகிறவரைத் தேடிப் போகும்போது, அவருக்கு உதவிக்கொண்டிருப்பவரையும் திரும்பிப் பாருங்கள். அம்மாவுக்கு இரவு நான்கு மணி நேரத் தூக்கம்தான் என்று எங்களுக்கு ஜூலையில்தான் தெரியும்.

ஆகஸ்ட் 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மேலே தேடிப் பிடிக்க முடியாதவர்களுக்காக அவர் சொன்னதை இங்கே போடுகிறேன். மறுபடி அம்மாவிடம் போய் நான்கு நாள் தங்கினாராம். எதுவும் கேட்காமல் கூடவே இருந்தாராம். கடிகாரம் நின்றது அம்மாவுக்கு நாள் முதற்கொண்டு தெரியும். பேட்டரியும் வாங்கி வைத்திருக்கிறார், அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. ஸ்டூல் மேல் ஏறத்தான் பயம். பிப்ரவரியில் ஒரு பல்பு மாற்றப் போய் விழுந்திருக்கிறார். இரண்டு பேரில் ஒரு பிள்ளையிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உயரத்தில் இருக்கும் எதையும் தொடுவதில்லை, மேல்தட்டுப் பாத்திரங்கள் எல்லாம் தூசி.

ஆக “அது கெடக்கு” என்பது மறதியும் இல்லை, அலட்சியமும் இல்லை. நானும் அந்தக் கடிகாரத்தை முதல் நாளிலிருந்து மறதிக் கணக்கில்தான் மனசுக்குள் போட்டிருந்தேன், எழுதவில்லை என்பது மட்டும்தான் என் அதிர்ஷ்டம்.

கடிகாரத்தைக் கழற்றிக் கண் மட்டத்தில் மாட்டியிருக்கிறார்களாம். எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை சொன்ன அந்த விஷயம் என்ன என்று கேட்டேன். அண்ணன் போன் செய்து ரொம்ப நாளாகிறது என்பதாம். அண்ணனுக்குச் சொல்லட்டும் என்றே இரண்டு தடவை சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 14

அப்பா பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு. எடை 59. மூன்று மீட்டர் நடை 13 நொடி. மாத்திரைப் பெட்டியை ஞாயிறு தோறும் அவரே நிரப்புகிறார், அம்மா பார்க்காத மாதிரி பார்க்கிறார். நோட்டு திரும்ப ஆரம்பித்திருக்கிறது, தப்புகளோடு. சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா என்றேன், அந்தக் கோடு இருக்கட்டும், இருட்டில் வழி தெரிகிறது என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு கால் நகம் என்று ஏற்பாடு. நேற்று போனில் கேட்டார்: “என்னடா, இந்த மாசம் என் காலை மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன்.